டெல்டாவில் ஸ்போர்ட்ஸ் கார்: மின்சாரமா, பெட்ரோலா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர் பெரும்பாலும் செல்போன் திரையில்தான் தொடங்குகிறார். எத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி என்று பார்த்து மனதுக்குள் ஒரு வண்டியை முடிவு செய்துவிடுகிறார். முன்பணமும் கட்டியாகிவிடும். அப்புறம்தான் "நம்ம தெருவில் தட்டுமா", "வீட்டில் சார்ஜ் ஏறுமா" என்ற கேள்விகள் வருகின்றன. திருச்சிக்குக் கிழக்கே வசிப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். ரோடு, வாசல், மீட்டர் பெட்டி, தூரப் பயணம், வரி, கடைசியாகத்தான் வண்டி. முதல் மூன்றைப் பார்த்து முடிக்கும்போதே பாதி விடை தெரிந்துவிடும்.

கணக்குப் போட இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். மின்சாரத்தில் எம்ஜி சைபர்ஸ்டர்: 2025 ஜூலையில் இங்கே விற்பனைக்கு வந்த இரண்டு இருக்கை கார், 77 கிலோவாட் மணி (அதாவது 77 யூனிட்) பேட்டரி, 510 குதிரைத்திறன், நூறைத் தொட 3.2 நொடி, அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை 74.99 லட்சம். பெட்ரோலில் பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ: 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 340 குதிரைத்திறன், 52 லிட்டர் டேங்க். உங்கள் மனதில் வேறு வண்டி இருந்தாலும் பார்க்கும் முறை இதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த ஒரு வருட கரண்ட் பில்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் மொத்தம் ஆறு பில் வரும்.

ஒரு மாத ஓட்டக் குறிப்பு. இப்போது வைத்திருக்கும் காரில் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், இரவு எங்கே தங்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். நினைவிலிருந்து சொன்னால் எல்லாரும் சென்னைப் பயணத்தைக் கூட்டியும் உள்ளூர் ஓட்டத்தைக் குறைத்தும்தான் சொல்கிறார்கள்.

ஒரு டேப், பிளக்கில் சொருகும் வோல்ட் மீட்டர், இரண்டே முக்கால் மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாய். குழாய் எதற்கு என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

2. முதலில் ரோடு

இசட்4-இன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 114 மில்லிமீட்டர்தான். மற்ற தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களும் இதை ஒட்டியே வரும். நாம் பழகிய எஸ்யூவி வண்டிகளுக்கு இது 190-க்கு மேல். இந்திய சாலைக் குழும விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். இந்த அளவில் கட்டியிருந்தால் தாழ்வான காரும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஆனால் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் தெரு முனையிலும் ஊர்க்காரர்களே சொல்லிப் போட்ட தடைகள் எந்த விதியையும் பார்த்ததில்லை. ஒரு முழ அகலத்தில் சுவர் எழுப்பியது மாதிரி நிற்கும்.

குழாய்க்கு வேலை இங்கேதான். நீங்கள் நினைத்திருக்கும் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இசட்4-க்கு 2470 மில்லிமீட்டர், சைபர்ஸ்டருக்கு 2690. குழாயை அந்த நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் காரின் தரை இடைவெளி உயரத்துக்கு ஒரு கட்டையைக் கட்டுங்கள். சந்தேகப்படும் வேகத்தடையின் மேல் அதை நேராகத் தள்ளிக்கொண்டு போனால், நடுக்குழாய் எங்கே உரசுகிறதோ அங்கே காரின் வயிறும் உரசும். தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வேகத்தடையோடு நிறுத்திவிட வேண்டாம். வாய்க்கால் மேல் இருக்கும் பழைய மதகுப் பாலங்கள் நடுவில் கூம்பியிருக்கும், ரயில்வே கேட் இருபுறமும் ஏற்றமாக இருக்கும். கொள்ளிடம், குடமுருட்டி, வெண்ணாற்றுக் கரை ரோடுகளில் எதிரே பஸ் வந்தால் ஓரம் இறங்கியாக வேண்டும். தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம் இருக்கும். திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் எந்தக் காரும் அழகாகப் போகும். உங்கள் வீட்டிலிருந்து அந்தச் சாலைக்கு ஏறும் கடைசி ஐந்து கிலோமீட்டரைத்தான் அளக்க வேண்டும்.

இந்த அளவு இரண்டு வகைக் காருக்கும் பொது. ஆனால் உரசினால் வரும் விளைவு ஒன்றல்ல. பெட்ரோல் காரில் முன் உதடு, ஆயில் சம்ப், சைலன்சர் அடிபடும். செலவுதான், ஆனால் பாகத்தை மாற்றி முடித்துவிடலாம். மின்காரில் அடியில் விரிந்து கிடப்பது பேட்டரி. வண்டியிலேயே விலை கூடிய பாகம் அதுதான். வெளியிலிருந்து பட்ட அடிக்கு பேட்டரி வாரண்டி பொதுவாகக் கைகொடுக்காது, காப்பீட்டைத்தான் நம்ப வேண்டும். ஆகவே தினசரி வழியில் இரண்டு இடத்துக்கு மேல் குழாய் உரசினால் தாழ்வான மின்காரை விட்டுவிடுங்கள். கோல்ஃப் ஜிடிஐ மாதிரி 136 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பெட்ரோல் ஹேட்ச்பேக் அந்த வழிக்குப் பொருந்தலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவுதான் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இது கசக்கும்.

அறுவடைக் காலத்தையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் ரோட்டில் பாதி நெல் களமாகிவிடும். பங்குனியில் உளுந்தும் பயறும் செடியோடு ரோட்டில் பரப்பப்படும், வண்டிச் சக்கரமே தாம்பு ஓட்டும். அதன் மேல் தாழ்வான பெட்ரோல் கார் ஏறினால் காய்ந்த கொடியும் வைக்கோலும் அடியில் சிக்கும். சைலன்சரும், அதோடு சேர்ந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வைக்கோல் பற்றும் அளவுக்குச் சூடாக இருக்கும். வண்டி அடியில் தீப்பிடிப்பது இப்படித்தான். மின்காருக்கு சைலன்சர் இல்லாததால் அந்த ஆபத்து இல்லை, ஆனால் அச்சில் கொடி சுற்றிக்கொள்வதும் அடித்தகடு பிய்வதும் அதற்கும் உண்டு. எந்தக் காரானாலும் பரப்பின் மேல் ஏறாமல் ஒதுங்கிப் போங்கள். ஏற வேண்டி வந்துவிட்டால் தாண்டியதும் நிறுத்தி, குனிந்து பார்த்து, சிக்கியதை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

3. வாசலும் நிறுத்துமிடமும்

வெள்ளத்துக்குப் பயந்து நம் பக்கம் வீடுகளை உயர்த்திக் கட்டுகிறோம். ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏறும் சரிவு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். தாழ்வான காரின் மூக்கு முதலில் இடிப்பது அங்கேதான். ஒரு அடி உயரத்துக்குப் பத்து அடி நீளமாவது சரிவு வேண்டும். வீட்டின் முன் அவ்வளவு இடம் இல்லையென்றால் கேட்டுக்கு உள்ளே சரிவை நீட்டுங்கள். ரோட்டு வடிகாலை அடைத்து நீட்டினால் ஐப்பசியில் உங்கள் தெருவே உங்களைத் திட்டும்.

கதவு திறக்கும் உயரத்தையும் பாருங்கள். சைபர்ஸ்டரின் கதவுகள் மேல்நோக்கித் திறப்பவை. தாழ்வான சன்ஷேடு அல்லது தகரக் கொட்டகையின் கீழ் நிறுத்தினால் பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது எலி. அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டைத் தேடி வரும். வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் காருக்குள் குடியேறும். பெட்ரோல் காரில் வயரிங், மின்காரில் உயர் அழுத்த ஆரஞ்சு கேபிள், இரண்டையும் கடிக்கும். எலி கடித்தது வாரண்டியில் பெரும்பாலும் வராது. காப்பீடு எடுக்கும்போது "எலி கடிக்கு உண்டா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நெல் அடுக்கும் அறையின் பக்கத்தில் எந்த ஸ்போர்ட்ஸ் காரையும் நிறுத்த வேண்டாம்.

ஆற்றுக்கோ கடலுக்கோ பக்கம் என்றால் நீர்மட்டக் குறி எங்கே என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெட்ரோல் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இல்லாமல் பணம் வராது. மின்காரின் பேட்டரி பெட்டி தண்ணீர் புகாதபடி கட்டப்பட்டிருந்தாலும் உப்புத் தண்ணீர் வேறு விஷயம். 2022-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை இயான் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரையோரம் வசிப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் மின்காரை மேட்டுக்கு நகர்த்த ஓர் இடத்தை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

4. மீட்டர் பெட்டி

மின்கார் முடிவு உண்மையில் இங்கேதான் எடுக்கப்படுகிறது. நான் பார்த்தவரை புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

முதலில் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா என்று பில்லிலோ மின்வாரிய அட்டையிலோ பாருங்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் கிடைக்கும். 77 கிலோவாட் மணி பேட்டரி காலியிலிருந்து நிரம்ப ஒரு நாளைக்கு மேல் ஆகும். 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் ஏறத்தாழ 11 மணி நேரம், அதாவது இரவு சொருகினால் காலையில் தயார். ஆனால் அது ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். ஒரு ஃபேஸ் வீட்டில் ஏசியும் மோட்டாரும் ஓடும்போது இது தாங்காது. மூன்று ஃபேஸுக்கு மாற்றி மின்பளுவைக் கூட்டிக்கொள்வதே சரியான வழி. அதற்கான விண்ணப்பத்தைக் காருக்கு முன்பணம் கட்டும் முன் கொடுங்கள். கம்பத்திலிருந்து கேபிள் மாற்ற வேண்டியிருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இல்லை என்ற பதிலும் வரலாம். கார் வந்து வாசலில் நிற்கும்போது அந்தப் பதிலைக் கேட்பவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இரண்டாவது, வோல்ட்டேஜ். கிராமத்தில் வீட்டு இணைப்பும் பம்புசெட்டும் பல இடங்களில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில்தான். குறுவைக்கு நீர் இறைக்கும் நாட்களிலும் கோடை இரவுகளிலும் வோல்ட்டேஜ் இறங்கும். பிளக் வோல்ட் மீட்டரை ஒரு வாரம் சொருகி வைத்து இரவு 8 மணிக்கும், நள்ளிரவிலும், அதிகாலையிலும் எழுதுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு 215-க்கு மேல் நிற்கிறது என்றால் கவலையில்லை. அப்போதும் 200-க்குக் கீழ் என்றால் சார்ஜர் வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்று நின்று ஓடும்.

மூன்றாவது, எர்த். சார்ஜர் சரியான எர்த் இல்லாமல் வேலையே செய்யாது. பல வீடுகளில் முதல் இரவே சிவப்பு விளக்கு எரிவதற்குக் காரணம் இதுதான். நம் களிமண் ஈரமாக இருக்கும்போது எர்த் அருமையாகக் கிடைக்கும். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்த பிறகு அதே பள்ளத்தில் அளந்தால் கதை வேறு. ஆகவே சார்ஜருக்குத் தனி எர்த் பள்ளம் போட்டு, கோடையில் ஒருமுறை எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம். சார்ஜர் பெட்டியை வெள்ளக் குறிக்கு மேல் மாட்டுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு கேள்விகள். "இன்வெர்ட்டரில் போடலாமா?" முடியாது, வீட்டு இன்வெர்ட்டர் அந்தப் பளுவைத் தாங்காது. "மாமா, பம்புசெட் கரண்டில் இழுத்துப் போட்டால் என்ன?" என்று ஒரு பையன் கேட்டான். விவசாயத்துக்கு இலவசமாக வரும் மின்சாரத்தில் கார் சார்ஜ் செய்வது மின் திருட்டுக் கணக்கில் போகும். இணைப்பே பறிபோகலாம், தம்பி.

இப்போது செலவு. மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர் போகும் என்று வைப்போம். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்குச் சுமார் 400 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று பெருக்குவதுதான் வழக்கமான தப்பு. நம் கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 ஜூலை பட்டியலில் 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80 ரூபாய். ஏற்கெனவே 500 யூனிட் செலவழிக்கும் வீட்டில் காரின் 400 யூனிட் உச்சாணிப் படிகளில்தான் உட்காரும். அதற்கு மட்டும் 3,855 ரூபாய், அதோடு 500-ஐத் தாண்டியதால் கீழ்ப்படிகளில் பறிபோகும் சலுகையும் சேரும். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்று வையுங்கள். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காருக்கு, பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது, கிலோமீட்டருக்கு 11 ரூபாய்.

வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை வருடம் 5000, 6000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர் அரிது. அப்படியானால் மிச்சம் வருடத்துக்கு ஐம்பதாயிரம் சொச்சம். முக்கால் கோடி வண்டிக்கு அது ஒரு காரணமே இல்லை. பெட்ரோல் செலவுக்குப் பயந்து மின்சாரத்துக்குப் போகிறேன் என்று சொல்பவர் தன் ஓட்டக் குறிப்பை மறுபடி படிக்க வேண்டும்.

கூரையில் சோலார் இருந்தால் கணக்கு இன்னும் இறங்கும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகலில் கார் வீட்டில் நிற்பவர்களுக்குப் பொருத்தம்.

5. தூரப் பயணம்

டெல்டாவுக்குள் மின்காருக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் 140 கிலோமீட்டரை ஒட்டித்தான். போய்விட்டு வந்தாலும் ஒரு சார்ஜுக்குள் அடங்கும். கேள்வி வருவது சென்னை, கோவை பயணங்களில்.

சைபர்ஸ்டருக்கு இந்திய சோதனை முறையில் 580 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஏசி போட்டு, நூறில் ஓட்டினால் யூனிட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் வரும் என்று வைத்து, பத்து சதவீதத்தைக் கையிருப்பாக ஒதுக்கினால் 350-க்குப் பக்கத்தில் நிற்கும். தஞ்சாவூரிலிருந்து சென்னை 340 கிலோமீட்டர். எட்டும், ஆனால் நெற்றி வியர்க்கும். வழியில் ஒருமுறை நிறுத்துவதாகவே திட்டமிடுங்கள்.

வேக சார்ஜரில் காரின் உச்ச வேகத்தைப் பார்க்காதீர்கள், சார்ஜரின் வேகத்தைப் பாருங்கள். 150 கிலோவாட் வாங்கக்கூடிய கார் 60 கிலோவாட் சார்ஜரில் நின்றால் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். 30 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். திருச்சி நெடுஞ்சாலை ஓட்டல்களில் கிடைக்கும் வசதி முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் கிடைக்காது. செய்ய வேண்டியது இது: இப்போதைய காரிலேயே சென்னை போகும்போது, செயலி காட்டும் ஒவ்வொரு சார்ஜர் இடத்திலும் இறங்கிப் பாருங்கள். எத்தனை துப்பாக்கி (காரில் சொருகும் சார்ஜர் முனை), எது வேலை செய்கிறது, இரவில் கேட் திறந்திருக்குமா, கழிப்பறை இருக்கிறதா. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடமாவது நம்பகமாக இருந்தால்தான் அந்த வழியைக் கணக்கில் சேர்க்கலாம்.

புயலை மறக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது கம்பங்கள் வரிசையாக விழுந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பெட்ரோல் பங்கு ஜெனரேட்டரில் ஓடும், வீட்டுச் சார்ஜர் ஓடாது. வீட்டில் வேறொரு பெட்ரோல் அல்லது டீசல் வண்டி இருந்தால் இது பொருட்டல்ல. ஸ்போர்ட்ஸ் காரே ஒரே வண்டி என்றால் கடலோர வட்டங்களில் நான் மின்சாரத்தைச் சொல்ல மாட்டேன்.

6. வரி

பெட்ரோலா மின்சாரமா என்பதில் பணம் உண்மையில் எங்கே பிரிகிறது என்றால் இங்கேதான். 2025 செப்டம்பர் 22 முதல் 1200 சிசிக்கு மேல், அல்லது 4 மீட்டர் நீளத்துக்கு மேல் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். மின்காருக்கு 5 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம், அதுவும் ஜிஎஸ்டி சேர்த்த விலையின் மேல். மின்கார்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை முழு விலக்கு என்று 2023 கொள்கை சொன்னது.

வரிக்கு முன் 50 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். பெட்ரோல் கார் ஜிஎஸ்டியோடு 70 லட்சம், சாலை வரி 14 லட்சம், ஆக 84 லட்சம். மின்கார் 52.5 லட்சம், விலக்கு இருந்தால் அதோடு சரி, இல்லையென்றால் 10.5 லட்சம் கூடும். ஆகவே ஷோரூம் கொடுக்கும் தாளில் "சாலை வரி: இல்லை" என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். வண்டி பதிவாகும் நாளில் நடப்பில் உள்ள ஆணை என்ன என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கேளுங்கள். இரண்டு வகைக் காருக்கும் 10 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும்.

பக்கத்திலேயே காரைக்கால் இருப்பதால் ஒரு ஆசை எல்லாருக்கும் வரும். புதுச்சேரிப் பதிவில் வாங்கிவிட்டு கும்பகோணத்தில் ஓட்டலாமே என்று. அங்கே உண்மையில் வசிப்பவருக்குச் சரி. வாடகை ஒப்பந்தம் தயாரித்து முகவரி காட்டுவது சட்டப்படி குற்றம். வெளி மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். பளபளவென்று இருக்கும் தாழ்வான காரை சோதனைச் சாவடியில் யாரும் பார்க்காமல் விட மாட்டார்கள்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பகுதி சின்ன வித்தியாசம்தான். 2022 கட்டணத்தில் 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய், 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்காருக்கு 6,712. சொந்தச் சேதப் பிரீமியத்தில்தான் பெரிய தொகை, அதை இரண்டு வண்டிக்கும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

7. ஓட்டிப் பார்ப்பது

இவ்வளவும் முடிந்த பிறகு ஷோரூம். நான்குவழிச் சாலையில் சட்டப்படியான உச்சம் 100. ஆகவே நூறுக்கு மேல் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில் பயனில்லை. 40-லிருந்து 80-க்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். இருவழிச் சாலையில் வைக்கோல் டிராக்டரையும் டவுன் பஸ்ஸையும் தாண்டும் வேகம் அது. இதில் மின்காரைப் பெரும்பாலான பெட்ரோல் கார்களால் எட்ட முடியாது. கியர் இறங்கக் காத்திருக்கும் நேரமே அதில் இல்லை.

வளைவில் கதை மாறும். சைபர்ஸ்டர் ஏறத்தாழ 2 டன், இசட்4 1600 கிலோ. நேரே போகும்போது தெரியாத எடை, பிரேக் பிடித்துத் திரும்பும்போது கையில் தெரியும். இசட்4 வளைவில் பேசிக்கொண்டே போகும், மின்கார் தரையை அழுத்திக்கொண்டு போகும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். சமதளமான டெல்டாவில் வளைவு எத்தனை என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஓடுதளத்தில் ஓட்டும் ஆசை இருந்தால், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையோ போக வேண்டும். அங்கே விரட்டி ஓட்டினால் பேட்டரி மடமடவென்று இறங்கும், சூடேறினால் சக்தி குறையும், திரும்பி வரவும் சார்ஜ் வேண்டும். ஓடுதளத்துக்கு வருடம் இரண்டு மூன்று முறையாவது போவேன் என்பவர் பெட்ரோல் வாங்குங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் ரோட்டோரம் ஆயிரக்கணக்கானோர் நடப்பார்கள். சத்தமில்லாத கார் பின்னால் வருவது அவர்களுக்குத் தெரியாது.

8. பெட்ரோலையே எடுப்பதென்றால்

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் பாகங்கள் இதற்கு ஏற்றவை. பழைய ஸ்போர்ட்ஸ் காரை இரண்டாம் கையாக வாங்குபவர் டேங்க் மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் தாளைப் பார்க்க வேண்டும். ஈ10 என்று மட்டும் இருந்தால் ரப்பர் குழாய்களும் சீல்களும் சீக்கிரம் கெடலாம்; விலையில் அதைக் குறையுங்கள்.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்து வருடத்துக்கு ஒருமுறை வருபவரின் கார் மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்கோடு நின்றால், தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். டேங்கை நிரப்பி வைத்து, மாதம் ஒருமுறை யாராவது இருபது கிலோமீட்டர் ஓட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். இப்படி நெடுநாள் நிற்கும் வண்டிக்கு மின்கார் எளிது: பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டிலும் உள்ள சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் கதவே திறக்காது, அதற்கு ஒரு பராமரிப்பு சார்ஜர் வாங்கி வையுங்கள்.

9. சர்வீஸ், டோ, டயர்

இந்த வகை வண்டிகளின் சர்வீஸுக்குப் பெரும்பாலும் சென்னை அல்லது கோவைதான் போக வேண்டும். பெட்ரோல் காருக்கு ஆயில் மாற்றவே அவ்வளவு தூரம், மின்காருக்கு அந்த வேலை இல்லை. ஆனால் பழுதென்றால் மின்காரை நம்மூர் மெக்கானிக் தொட முடியாது. இரண்டையும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, தட்டு லாரியில்தான் ஏற்ற வேண்டும். கம்பெனியின் சாலை உதவி உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும் என்று வாங்கும் முன் போன் செய்து கேளுங்கள். "இந்தியா முழுக்க உண்டு" என்பது பதில் இல்லை. திருத்துறைப்பூண்டிக்கு எத்தனை மணி நேரம் என்று ஊர்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சைபர்ஸ்டரின் பின் டயர் 275/35 ஆர்20. இந்த அளவு தஞ்சாவூர் டயர் கடைகளில் இருப்பில் இருப்பது அரிது. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சர் பசை டப்பாதான். ஓரம் கிழிந்தால் பசை உதவாது. ஒரு டயரைக் கூடுதலாக வாங்கி வீட்டில் வைப்பது ஆடம்பரம் இல்லை.

10. முன்பணம் கட்டிய பிறகு

மின்கார் என்றால் சார்ஜர் மாட்டி, எர்த் அளந்து முடித்த பிறகே டெலிவரி தேதி கொடுங்கள். சார்ஜர் மாட்ட வருபவரிடம் உங்கள் மின்பளு ஆணையைக் காட்டி, அதற்குள் ஆம்பியரைக் கட்டுப்படுத்திவைக்கச் சொல்லுங்கள்.

எந்த வகைக் காரானாலும் மூக்குக்கும் பக்கவாட்டு அடிப்பகுதிக்கும் பாதுகாப்புப் படலம் ஷோரூமிலேயே ஒட்டிவிடச் சொல்லுங்கள். டயர் தயாரான வாரத்தைப் பக்கவாட்டு எண்ணில் பாருங்கள், மின்காரில் பேட்டரி நலச் சான்று கேளுங்கள், சார்ஜிங் கேபிள் பெட்டியில் இருக்கிறதா என்று திறந்தே பாருங்கள்.

சென்னையிலிருந்து கொண்டுவருவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். குழாய் உரசிய இடங்களை ஒரு தாளில் எழுதி, வண்டியை வேறு யார் ஓட்டினாலும் அவர்கள் கையில் கொடுங்கள்.